இரவல் பொட்டி

திருப்புலி நாடு
14.10.2025

தம்பி முருகானந்தத்துக்கு அருணா அக்கா எழுதுவது.

செம்மேட்டுக்குத் தபால் பை எடுக்கப் போகும்போதுதான் போனில் டவர் வருகிறது. வந்ததும் உன் பெயர் வரிசையாக நிற்கிறது. நான் எடுக்கவில்லை, இனியும் எடுக்கப்போவதில்லை. போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் 'ம்' கொட்டக்கூட இடம் கிடைக்காது. பேசி முடிக்கும்போது தப்பெல்லாம் என் பக்கம் வந்திருக்கும். சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுது. உன் கடிதத்தை நானே சுமந்து வந்து எனக்கே கொடுத்துக்கொள்கிறேன். அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

நடந்தது இதுதான். மழையில் என் வண்டி நின்றுவிட்டது. செல்ஃப் போட்டால் சத்தமே இல்லை. மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. என்ன கோளாறு என்று அந்த விளக்கு நமக்குச் சொல்லாது, நாமக்கல்லில் நீ வேலை பார்க்கிற சர்வீஸ் சென்டரில் இருக்கிற மிஷினுக்கு மட்டும்தான் சொல்லுமாம். எழுபது வளைவு இறங்கி வண்டியைத் தூக்கி வர வழியில்லாததால் ஊரில் எப்போதும் செய்வதைச் செய்தோம். ஒரு வண்டி நின்றால், அதே மாதிரி வண்டி வைத்திருப்பவர் தன் சாமானைக் கழற்றித் தருவார். மாட்டிப் பார்ப்போம். ஓடினால் கெட்டது எது என்று தெரிந்துவிடும். ஓடாவிட்டால் அடுத்த சாமான். நீ வண்டி வேலை பழகியதே இப்படித்தான்.

எதைக் கழற்றுவது என்று உன்னைக் கேட்டேன். "சீட்டுக்கடியில இருக்கற கம்ப்யூட்டர் பொட்டிதான் போயிருக்குங்க்கா. காளியண்ணன்து சேம் மாடல். கழட்டி மாட்டு, நூறு பர்சென்ட் ஓடும்" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டாய். அதை ஊருக்கு வந்து அடுத்த வீட்டில் அவருக்கே போட்டுக் காட்டினேன்.

ராமாயி அண்ணி, "புது வண்டியாச்சேங்" என்று இழுத்தார். காளியண்ணன், "தபாலு நிக்கலாமா புள்ள?" என்று சொல்லிக்கொண்டே சீட்டைக் கழற்றிவிட்டார். பொட்டியை என் வண்டியில் மாட்டிச் சாவி போட்டதும் மீட்டரில் ஒரு சாவிப் படம் சிவப்பாக மின்னியது. பயந்துபோய்க் கழற்றி, அவர் வண்டியிலேயே திரும்ப மாட்டினோம். அங்கேயும் அதே சிவப்புச் சாவி. என் வண்டிக்கு என் பொட்டியையே மாட்டினேன், பழைய மஞ்சள் விளக்குதான்.

இப்போது இரண்டு வண்டியும் நிற்கின்றன. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறேன். அவர் வெட்டி வைத்த வாழைத்தார் பேளுக்குறிச்சிச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாமல் வாசலிலேயே பழுத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் இருவரையும் இந்த வண்டிதான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நீ. இதற்கு என்ன வழி என்று எழுது.

அருணா


நாமக்கல்
18.10.2025

அக்கா,

பேனா புடிச்சு எத்தனை வருசமாச்சு தெரியுமா! எடிட் பண்ண முடியல, டெலீட் பண்ண முடியல, அடிச்சா அடிச்ச எடம் அசிங்கமா பல்லைக் காட்டுது. நீ வேணும்னேதான் இப்படிப் பண்ற.

சரி, மேட்டருக்கு வாரேன். சிவப்பு சாவி வந்தா அது இம்மொபிலைசர். வண்டியைத் திருடிட்டுப் போயி பொட்டியை மாத்திப்போட்டு ஓட்டிரக் கூடாதுன்னு கம்பெனி வெச்ச பூட்டு. சாவி, பொட்டி, மீட்டர் மூணும் ஒண்ணையொண்ணு 'நீ யாரு'ன்னு கேட்டுக்கும். ஒண்ணு ஆள் மாறினாக்கூட மத்தது வாயத் தொறக்காது. நெனச்சுப் பாரேன், ஒரு சோப்பு டப்பா சைஸ் பொட்டி! வேற லெவல் டிசைன்க்கா!! நான் முதல் தடவ அதோட சர்க்யூட்ட யூடியூபுல பாத்தப்ப எனக்குத் தூக்கமே வரல.

சாரி. இப்ப இதையெல்லாம் சொல்லக் கூடாது.

நான் சொன்னது முந்தின வருச மாடலுக்குச் சரியாத்தான் இருந்துச்சு. எங்க டெலிகிராம் குரூப்புல ஒருத்தன் மாத்திப்போட்டு வீடியோவே விட்டிருந்தான், நான் அதை நாலஞ்சு தடவ பாத்திருக்கேன். உங்க ரெண்டு பேரு வண்டியும் அதுக்கடுத்த மாடல். வெளிய பாத்தா ஸ்டிக்கர்தான் வித்தியாசம். உள்ள எல்லாத்தையும் மாத்திட்டானுங்க. எனக்கு அது தெரியலக்கா. தெரியாதுங்கறதே எனக்குத் தெரியல.

ஆனா வண்டியவே குத்தம் சொல்லாத. ஆவணி மழையில வளைவுல பஸ் எதுக்கால வந்தப்ப பிரேக்கை மொத்தமா புடிச்சியே, ஞாபகம் இருக்குதா? சக்கரம் பூட்டல, வழுக்கல, வண்டி அப்படியே நின்னுச்சு. நீதான சொன்ன, 'யாரோ கையப் புடிச்சு நிறுத்துன மாதிரி இருந்துச்சு'ன்னு. அந்தக் கை ஏபிஎஸ். அதுக்கும் ஒரு பொட்டிதான்.

காளியண்ணனை வண்டியப் பிக்கப்புல ஏத்திட்டு இங்க வரச் சொல்லு. நான் எதுக்கு இருக்கேன்? மிஷின மாட்டி, ஆன்லைன்ல லாகின் போட்டு, பொட்டியையும் சாவியையும் மறுபடி ஜோடி சேத்து உட்டா முடிஞ்சுது. அவரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி ரெடி. மேனேஜர் பிலிப் சார் தங்கமான மனுசன். பயப்படாம வரச் சொல்லு.

தம்பி,
முருகானந்தம்

என் யூடியூப் சேனல் பேரப் போட்டு கையெழுத்துப் போட வந்துட்டேன், நல்ல வேளை.


திருப்புலி நாடு
29.10.2025

முருகானந்தம்,

காளியண்ணன் நேற்றுக் கடைசி பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். பிக்கப்பில் ஏற்றிப்போன வண்டி திரும்பவில்லை.

"வண்டி எங்கீண்ணே?" என்று கேட்டேன்.

"இருக்குது" என்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அண்ணிதான் காலையில் சொன்னார். ஏசி போட்ட ரூமில் நாலு பேர் உட்கார்ந்திருக்கையில், "இந்தப் பொட்டிய எங்க எடுத்த?" என்று இவரைக் கேட்டார்களாம். திருட்டு என்கிற வார்த்தை வந்ததாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாளாம். நடந்ததில் அந்த ஒன்றை மட்டும்தான் இவர் அண்ணியிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

நீ அங்கே இருந்தாயா என்று கேட்டேன். "இருந்தானாமா. அவன்தான் பேசுனானாமா" என்றார் அண்ணி. என்னடா பேசினாய்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாயங்காலம் ரமேஷ்குமார் அண்ணி வீட்டுக்கு வந்து பதினாலாம் நம்பர் ஸ்பானர் கேட்டான். அவன் எப்போதும் அங்கேதான் வாங்குவான். அண்ணி, "இல்லீங்" என்றார். அவருக்குப் பின்னால் சுவரில் ஆணியில் அது தொங்குகிறது. ரமேஷ்குமார் விளையாட்டு என்று நினைத்து, "அக்கட்டால திரும்பிப் பாருங் அண்ணி" என்று சிரித்தான். அண்ணி திரும்பவில்லை. அவன் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

நம் ஊரில் ஒரு சாமானை இல்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நீ பேசியது என்ன என்று மறைக்காமல் எழுது.

அருணா


நாமக்கல்
3.11.2025

அக்கா,

மறைக்க என்ன இருக்குது? நான் அவருக்கு உதவியாத்தான் பேசினேன்.

மிஷின மாட்டினதும் ஸ்க்ரீன்ல சிவப்புக் கட்டம் வந்துச்சு. அந்தப் பொட்டி நடுவுல உன் வண்டியப் பாத்துருச்சு. அதனால உன் வண்டி நம்பரைப் புடிச்சு வெச்சுக்கிச்சு. கம்பெனி சர்வருக்கு என்ன தெரியும்? காளியண்ணன் வண்டிக்குள்ள அருணாவோட பொட்டி இருக்குதுன்னு தெரியும். 'திருட்டு சந்தேகம், வண்டியை நிறுத்தி வை'ன்னு வந்துருச்சு.

பிலிப் சார் மரியாதையாத்தான் கேட்டாரு. "இந்தப் பொட்டி எங்கீங்க எடுத்தீங்க?"

காளியண்ணன், "இது என்ர பொட்டிங்க. தபால்காரப் புள்ளைக்குக் குடுத்து வாங்குனேனுங்க" அப்படின்னாரு.

"வாங்குனீங்களா? பில்லு இருக்குதுங்களா?"

"அப்புடி வாங்கலீங்க. குடுத்துட்டு வாங்குனேன்."

சாருக்குப் புரியல. அப்பத்தான் நான் உள்ள பூந்தேன். "சார், எங்க மலையில அப்படித்தான் சார்! ஒரு இக்னிஷன் காயில் நாலு ஊரு சுத்தும் சார்! யாரு வண்டில யாரு சாமான் இருக்குதுன்னு எங்களுக்கே தெரியாது சார்!" அப்படின்னேன். பெருமையா சொன்னேன்க்கா. எங்க குரூப்புல இதைச் சொன்னப்ப அத்தனை பேரும் ஹார்ட் உட்டானுங்க. சாரு ஹார்ட் உடல. நான் சொன்னதை அப்படியே டைப் அடிச்சு கம்பெனிக்கு அனுப்பிட்டாரு. அவரு வேலை அது.

காளியண்ணன் என்னையப் பாத்தாரு. கோவமா பாத்திருந்தாப் பரவால்ல.

இப்ப வழி என்னன்னா, ஸ்க்ரீன்ல ரெண்டே ரெண்டு கட்டம். ஒண்ணு 'விலைக்கு வாங்கியது'. இன்னொண்ணு 'திருட்டு'. முதல் கட்டத்துல டிக் போட்டு, 'அருணாவிடம் விலைக்கு வாங்கினேன்'னு அவரும், 'விற்றேன்'னு நீயும் கையெழுத்துப் போட்டா வண்டிய உட்டுருவாங்க. வாரண்டி போயிரும், ஆனா வண்டி ஓடும். அதுவும் வேண்டாம்னா போலீஸ் ஸ்டேஷன்ல 'இதுமேல புகார் இல்லை'ன்னு எழுதி வாங்கிட்டு வரோணும். ஒரு கையெழுத்துதானக்கா? அவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலயே ஓடினேன். திரும்பியே பாக்கல. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு ரோசமா?

அப்பறம் இதைச் சொல்லாம இருக்க முடியல. உன் வண்டி மாடலுக்கு அந்த மஞ்சள் லைட்டு எதுக்கெல்லாம் எரியும்னு மேனுவல் எடுத்துப் படிச்சேன். செல்ஃபும் அடிக்கலைன்னா முதல்ல பாக்க வேண்டியது சைடு ஸ்டாண்ட் சுவிட்ச்சாம். ஸ்டாண்டு எறங்கி இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டா வண்டி ஸ்டார்ட் ஆவாது. சேறு அடைச்சாலே அப்படி நெனச்சுக்குமாம். கொஞ்சம் தண்ணி ஊத்தி, துணியில துடைச்சுப் பாரு.

முருகானந்தம்


திருப்புலி நாடு
12.11.2025

முருகானந்தம்,

துடைத்தேன். பழைய பாவாடைத் துணி, ஒரு சொம்புத் தண்ணீர். சுவிட்சில் இருந்து கட்டைவிரல் அளவு செம்மண் வந்தது. செல்ஃப் போட்டேன். முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

உடனே அணைத்தேன். ஆனால் அந்தச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிட்டது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அண்ணி முறத்தோடு வாசலுக்கு வந்து என் வண்டியைப் பார்த்தார். அவர்கள் வண்டி நிற்கிற இடத்தில் இப்போது கோழிக்கூடை கவிழ்ந்திருக்கிறது. அதையும் ஒரு தடவை பார்த்தார்.

"ஓடுதுங்ளா?" என்றார்.

"ஓடுதுங் அண்ணி. சேறுதானாம்."

"சேறா" என்றார். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் பொட்டியில் எந்தக் கோளாறும் இல்லை, தம்பி. என் பொட்டியிலும் இல்லை, அவர் பொட்டியிலும் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீருக்கு ஆகிற காரியம்.

அதற்குப் பிறகு வண்டியை எடுக்கவில்லை. நடந்துதான் தபால் கொடுக்கிறேன். பைல் நாட்டுப் பக்கம் போகிற நாளில் திரும்பி வரும்போது இருட்டிவிடுகிறது. முதியோர் பணத்துக்குக் காத்திருக்கிற பாப்பாயி, "உன்ர வண்டி இன்னும் ரெடியாகலையா கண்ணு?" என்று கேட்கிறாள். ஆகவில்லை என்று சொல்கிறேன்.

கையெழுத்து விஷயமாகக் காளியண்ணனிடம் நானே போய்ப் பேசினேன். "என்ர பொட்டிய நானே வெலைக்கு வாங்குனேன்னு எழுதித் தரோணுமா? அதும் உங்கிட்டயிருந்து?" என்றார். வண்டி வந்தால் போதுமே அண்ணே என்றேன். "அப்ப இத்தன வருசமா நான் ஊருக்குக் குடுத்ததெல்லாம் வித்ததுங்களா புள்ள?" என்றார். இதைப் போய் ரோசம் என்று எழுதியிருக்கிறாய்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் அவரோடு போனேன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். யாரும் அதட்டவில்லை. "புகாரே வராதப்ப, எந்தப் புகார் இல்லைன்னு எழுதறதுங்க? நீங்க வேணா ஒரு புகார் குடுங்க, விசாரிச்சு இல்லைன்னு முடிச்சுத் தர்றோம்" என்றார் அங்கிருந்தவர். நல்ல மனதோடுதான் சொன்னார். புகாரை நான்தான் கொடுக்க வேண்டும். காளியண்ணன் மேல். பக்கத்தில் இருந்த அவர் எழுந்து, எனக்காகக் காத்திருக்காமல் படி இறங்கிவிட்டார்.

இங்கே இப்போது யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. ரமேஷ்குமார் வண்டி செயின் அறுந்து கிடக்கிறது. முன்பென்றால் அன்றைக்கே யாராவது ஒரு லிங்க் கொடுத்திருப்பார்கள். 'எதுக்கு வம்பு' என்று இருக்கிறார்கள். செயினுக்கு எந்தப் பூட்டும் கிடையாது என்று அவர்களுக்கும் தெரியும்.

அருணா


நாமக்கல்
30.11.2025

அக்கா,

இதை மூணு தடவ எழுதிக் கிழிச்சுட்டேன்.

காளியண்ணன் வண்டிய ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால கொண்டுபோயி நிறுத்திட்டாங்க. ஷெட்டு இல்ல. மேல ஒரு சாக்குப் போட்டு மூடி வெச்சேன், காத்துல போயிருச்சு. தெனமும் மதியம் சோத்து டப்பாவ எடுத்துட்டு அங்கதான் போறேன். சீட்டுக்கடியில ஒரு வாழைநார் சுத்தியிருக்குது, தார் கட்டுனதுன்னு நெனைக்கறேன். அதை எடுக்கல.

கம்பெனியிலருந்து மெயில் வந்திருக்குது. இனிமேல் கொல்லிமலை விலாசம் இருந்தா முதல்ல சீல் பாக்கோணுமாம், கழட்டுன தடம் இருந்தா வாரண்டி கிடையாதாம். போன வாரம் நம்மூரு செல்வம் வண்டியத் திருப்பி அனுப்பிட்டாங்க. அவன் வண்டில ஒரு ஸ்க்ரூவக்கூடக் கழட்டாதவன். கழட்டுனது அதை அவனுக்கு வித்த ஆளு. அந்த மெயில்ல நான் சொன்ன வார்த்தை அப்படியே இருக்குதுக்கா. 'யார் வண்டியில் யார் பாகம் என்று அவர்களுக்கே தெரியாது.' என் வாயிலருந்து வந்ததை இங்கிலீஷ்ல படிக்கறப்ப வேற ஆரோ சொன்ன மாதிரி இருக்குது.

பிலிப் சார்கிட்ட கேட்டேன், "சார், மூணாவதா ஒரு கட்டம் சேக்க முடியாதுங்ளா? 'இரவல்'னு?" அவரு சிரிக்கல. "அந்தக் கட்டத்த நான் வெக்கலடா தம்பி, எங்கியோ இருக்கறவன் வெக்கறான். எனக்கு அவன் பேருகூடத் தெரியாது"ன்னாரு.

ராத்திரியெல்லாம் தேடினேன். பூட்ட ஒடைக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு ஒரு ஃபோரம்ல இருக்குது. முன்னால மாதிரி இருந்தா இந்நேரம் எறக்கி மாட்டிப் பாத்திருப்பேன். கை வரல. அதுவும் முந்தின மாடலுக்கா இருந்துட்டா?

அதனால ஒண்ணு பண்ணியிருக்கேன். என் வண்டி உனக்குத் தெரியும். சேனல்ல வர்ற அதே வண்டி. துடைச்சுத் துடைச்சு வெச்சிருந்தேன்ல, அதை காளியண்ணனுக்குக் குடுத்தர்றேன். சும்மா இல்ல, இரவல்தான். அவரு வண்டி வர்ற வரைக்கும், இல்ல எப்ப வேணும்னாலும். நானே வந்து ஊட்டு முன்னால நிறுத்தறதுக்கு மூஞ்சி இல்ல. வண்டிய செம்மேட்டுல நம்ம இமானுவேல் கடையோரமா கொண்டுவந்து நிறுத்திட்டேன். சாவிய ஒரு கடுதாசியோட காளியண்ணன் பேருக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பியிருக்கேன். கையெழுத்துப் போட்டு வாங்கித்தான ஆவோணும். நீதான் குடுக்கோணும்க்கா. நல்ல வார்த்தை எதாச்சும் சொல்லிக் குடு.

முருகானந்தம்


திருப்புலி நாடு
9.12.2025

தம்பி,

ஸ்பீட் போஸ்ட் உறையை நான் நடந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே சாவி இருப்பது உறைக்கு மேலேயே கைக்குத் தெரிந்தது.

காளியண்ணன் மரத்தில் ஏறி முதல் மிளகு பறித்துக்கொண்டிருந்தார். கீழே நின்று, "அண்ணே, தபாலுங்" என்றேன். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் வீட்டுக்கு நான் ஒருநாளும் 'தபால்' என்று கூப்பிட்டுப் போனதில்லை.

இறங்கி வந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினார். அனுப்பியவர் பெயரைப் பார்த்தார். பெருவிரலால் தடவிச் சாவியைக் கண்டுபிடித்தார்.

"எந்த வண்டி?"

"அவனோடதுங்ணே. செம்மேட்டுல நிறுத்தியிருக்கறான். உங்க வண்டி வர்ற வரைக்கும் இரவலா வெச்சுக்கச் சொல்லி..."

"அவன் வண்டிய நான் ஓட்டிட்டுப் போனா, செக்போஸ்ட்டுல கேட்டா என்னன்னு சொல்லறது? குடுத்தான்னு சொன்னா நம்புவாங்களா?"

நம்புவார்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நாலு பேரு முன்னால என்ர பொட்டிக்கே என்னைய நம்பல. அவனும் அங்கதான நின்னான்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "கெட்ட பையன் இல்ல. நல்லாப் படிச்சு வெச்சிருக்கறான். எனக்கு வேண்டாம் கண்ணு." உறையை என் கையில் திருப்பி வைத்தார்.

வாங்கிக்கொண்டு திரும்பினேன். நாலடி நடந்ததும் பின்னாலிருந்து கேட்டார்.

"உன்ர வண்டி ஓடுதுல்ல?"

"ஓடுதுங்ணே."

"அப்ப ஓட்டு. எங்களுக்காக நடக்கறாப்பல நடக்காத. ராமாயிக்கு அதப் பாத்தாத்தான் இன்னும் சங்கடமா இருக்குது."

நான் என்ன நினைத்து இத்தனை நாள் நடந்தேனோ தெரியவில்லை. அது அவர்களுக்கு இப்படித் தெரிந்திருக்கிறது. நாளையிலிருந்து வண்டியில்தான் போவேன். அவர் வாசலைத் தாண்டித்தான் பாதை. ஏபிஎஸ் இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் நின்றுவிடும். அந்த வாசலில் நிற்கத்தான் இனி எனக்குக் காரியம் இல்லை.

உன் வண்டியை வந்து எடுத்துக்கொண்டு போ. இமானுவேல் கடையோரம் மழை ஒழுகுகிறது. ஊருக்குள் வராதே என்று சொல்லவில்லை. வந்தால் உனக்குச் சோறு உண்டு.

உன் கடிதத்தை அவர் பிரிக்கவில்லை. சாவியோடு அப்படியே திரும்பி வருகிறது. யாராவது வாங்க மாட்டேன் என்றால் உறையின் மேல் எழுதி அனுப்ப வேண்டும், அதுதான் முறை. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நம் ஊர் விலாசத்துக்கு அதை நான் எழுதியதில்லை. எப்படி எழுதுவது என்று ஒருமுறை தபால் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

சிவப்பு மையில் 'பெறுநர் வாங்க மறுத்தார்' என்று இருக்கும். அடியில் இருப்பது என் கையெழுத்துதான்.

அருணா